பட்டியலில் இல்லாத பெயர்கள்

அருணாசலப் பிரதேசத்தின் ஈகிள்நெஸ்ட் சரணாலயச் சாலைவழிப் பயணித்து, லாமா முகாமில் கூடாரமிட்டுத் தங்கும் பறவை ஆர்வலர்கள் முதலில் தேடுவது புகுன் லியோசிச்லா என்னும் சிறுபறவையை. 2006இல் ரமணா ஆத்ரேயா அதனைப் புதிய இனமாக விவரித்தார். பறவை எதுவும் கொல்லப்படவில்லை. இறகுகளும் ஒளிப்படங்களுமே சான்றாயின. அப்பகுதியில் வாழும் புகுன் மக்களின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

ஆயினும் பயணிகளின் பட்டியல்களை ஆங்கில, இலத்தீன் பெயர்களே நிரப்புகின்றன. பேசுவோர் மிகச் சிலராகவுள்ள புகுன் மொழியில் பறவைகளுக்கு வழங்கும் பெயர்கள் அவற்றில் அரிதினும் அரிது. வட்டாரப் பெயர்களில் பறவையின் குரல், இரை, வாழிடம் பற்றிய அறிவு பொதிந்திருப்பதுண்டு. மொழி மறையும்போது அவ்வறிவும் மறையும். உடன்வரும் உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டு, அப்பெயரையும் ஒலிப்பையும் பதிவுசெய்வது களநெறியாக வேண்டும். மக்களின் பெயரைப் பறவைக்குச் சூட்டியது மட்டும் போதாது.