கீழப்பாவூர்த் தாய்க்கு யார் பதில் சொல்வது?

சித்திரை பிறந்துவிட்டால் கீழப்பாவூரில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் ஒரே பேச்சுத்தான்: “எந்த நர்சரியில் போடலாம்?” பாவூர்சத்திரத்திலா, தென்காசியிலா? வேன் வாசலுக்கு வருமா, முக்கு வரைதானா? டெர்ம் பீஸ் எவ்வளவு, புத்தகத்துக்குத் தனியா, ஷூவுக்கும் டைக்கும் தனியா? ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு டை எதற்கு என்று பாட்டி கேட்கிறாள். அவள் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

நர்சரியைத் தேடி அலையும் இந்தத் தாய் யார்? கார் வைத்திருக்கும் சீமாட்டி அல்ல. காலை முதல் விளக்கு வைக்கும் நேரம் வரை பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிச் சுற்றுகிறவள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று அவளுக்குக் கூலி. சுற்றியதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், ‘கழிவு’ என்று ஒரு கை அள்ளி ஒதுக்குவார்கள். அதற்குக் கூலி கிடையாது. ஒரு டெர்ம் பீஸ் எத்தனை ஆயிரம் பீடி என்ற கணக்கு அவளுக்கு விரல்நுனியில் இருக்கிறது.

“ஆங்கில மோகம்!” என்று அவளைப் பார்த்துச் சிரிக்கும் படித்த கனவான்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் நாம் சேரமாட்டோம். சிரிக்கிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை சர்க்கார் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று 2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரப் பிரதேசத்துக்கு உத்தரவு போட்டது. அதை அமுல் நடத்த அங்கே ஆண்ட எவரும் துடிக்கவில்லை!

உண்மை என்ன? அந்தத் தாய் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இரண்டு பொருள் எதிரே இருக்க வேண்டும். சர்க்கார் பள்ளி ஐந்து வயதில் கதவைத் திறக்கிறது. மூன்று வயதிலேயே வேன் வந்து பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு வருஷம் பீஸ் கட்டிய இடத்திலிருந்து பிள்ளையைப் பிரித்து எந்தத் தாய் கொண்டுவருவாள்? பிறகு அதிகாரிகள் சர்க்கார் பள்ளிக்கு வந்து தலையை எண்ணுகிறார்கள். “பிள்ளைகள் குறைவு” என்கிறார்கள். மாணவர் இல்லாத பள்ளிகளை நூலகமாக்குவோம் என்று 2019இல் அறிவிப்பே வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தது எந்த வயதில் என்று யாராவது பார்த்தார்களா?

இது தானாக நேர்ந்ததல்ல. 1950இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45ஆவது ஷரத்து, பத்து ஆண்டுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. கீழ் வயது என்று ஒரு கோடு போடவில்லை. கெடு 1960இல் முடிந்தது. 42 வருஷம் கழித்து, 2002இல், 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. யாருக்கு? 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு! ஆறுக்குக் கீழே இருந்த கோடிக்கணக்கான குழந்தைகளை உரிமைக்கு வெளியே நிறுத்தி, அவர்களுக்காக அரசு “முயலும்” என்று எழுதிவைத்தார்கள். 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் அதே கோட்டின் மேல்தான் நிற்கிறது. அந்த மூன்று வருஷத்தில்தான் நர்சரி முதலாளி கடை போட்டிருக்கிறான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கடைகளின் போர்டில் மின்னும் பெயர்கள் எல்லாம் ஏழைகளின் சொத்து. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் நூற்பாலையில் ராபர்ட் ஓவன் 1816இல் சிறு குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தது ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக. ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டவர் ஜெர்மனியின் பிரோபெல். 1851இல் பிரஷ்ய சர்க்கார், நாஸ்திகமும் சோஷலிஸமும் பரப்புகிறது என்று சொல்லி அதைத் தடை செய்தது. குழந்தைகள் கூடிப் பாடி விளையாடுவதைக் கண்டு அரசாங்கம் நடுங்கிற்று! மாண்டிசோரி அம்மையார் 1907இல் முதல் இல்லத்தைத் திறந்தது ரோமாபுரியின் சான் லொரென்சோவில், கூலிக்காரர்களின் குடியிருப்பில். அவரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று அவர் பெயரைப் போர்டில் எழுதினால் பீஸ் கூடுகிறது. உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளை பென்சிலைப் பிடித்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறது.

பீடி முதலாளிகளையும் இங்கே விடக்கூடாது. பெண்கள் கூடி வேலை செய்யும் பீடிக் கூடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது 1966இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். கூடம் இருந்தால்தானே காப்பகம்? இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். கூடத்தின் வாடகையும் மிச்சம், காப்பகமும் மிச்சம். பிள்ளை தூள் நெடியில் தாயின் பக்கத்தில் தவழ்கிறது. அந்த நெடியிலிருந்து பிள்ளையை அப்புறப்படுத்தத்தான் அவள் வேனுக்குக் காசு கொடுக்கிறாள். இதுவா மோகம்?

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975இல் தொடங்கிய திட்டம், நல்ல திட்டம். ஆனால் ஊழியர் எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், இத்தனைக்கும் நடுவில் பாடமும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகளில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381இல் மட்டும் 2019இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். ஜனங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 2022இல் அதையும் மூடப் பார்த்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கி, மாதம் 5,000 ரூபாயில் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். படித்த உபாத்தியாயினிக்கு ஐயாயிரம்! நர்சரி முதலாளி எதைச் செய்கிறானோ அதையே சர்க்காரும் செய்வதா?

25 சதவீத ஒதுக்கீட்டைக் காட்டுவார்கள். கிடைக்கிற ஏழைத் தாய் அதை வாங்கிக்கொள்ளட்டும்; தடுக்கமாட்டோம். ஆனால் அது பொதுப்பணம் தனியார் கல்லாவுக்குப் போகும் வழி. அந்த வழியும் நிச்சயமில்லை. கல்வி நிதியை டெல்லி நிறுத்திவைத்ததால் 2025இல் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்து, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. ஜூனில் பிள்ளையைச் சேர்க்க வேண்டிய தாய் அக்டோபர் வரை என்ன செய்வாள்? கடன் வாங்கிப் பீஸ் கட்டுவாள்.

இந்த வருஷமும் தனியார் பள்ளிதான் என்று முடிவு செய்தவர்கள் சிலவற்றையாவது கேட்டு வாங்குங்கள். அங்கீகார உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். 2009இன் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி கமிட்டி நிர்ணயித்த தொகை என்ன என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு காசு கொடுத்தாலும் ரசீது கேளுங்கள். கட்டிடத்தைச் சுற்றிப் பாருங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிக் கட்டிடத்தில், சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் கருகினார்கள்.

ஆனால் ரசீதோடு நம் வேலை முடியவில்லை. கீழப்பாவூர் வட்டாரத்தில் ஒவ்வொரு சர்க்கார் தொடக்கப் பள்ளியிலும் மூன்று வயது முதல் வகுப்பு வேண்டும். முழுச் சம்பளத்தில், நிரந்தரமாக, குழந்தைக் கல்வியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். அங்கன்வாடி ஊழியருக்குக் கூடுதல் சுமை ஏற்றாமல் ஆள் போட வேண்டும். கழிவுப் பீடிக்காகக் கடை வாசலில் நின்று வாதாடத் தெரிந்த பெண்கள் இந்தக் கோரிக்கையை எழுதிக் கையெழுத்திட்டு, பள்ளி திறக்கும் முன் தென்காசி மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வாசலுக்கு வரட்டும். பிள்ளைகளையும் இடுப்பில் கூட்டிக்கொண்டே வரட்டும்.