காந்தத்தின் காரணம்

கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே உள்ள பரங்கிப்பேட்டையில், 1830-ஆம் ஆண்டில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலையொன்றை நிறுவினார். சேலத்துக் காந்தக்கல்லை உருக்கி இரும்பாக்கிய ஆலை அது. நூறாண்டுகளுக்குப் பின், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமச்சந்திர ராவ் அவர்கள், பிஸ்மத், தாலியம் முதலிய உலோகங்களின் காந்தத் தன்மையை நுணுகி ஆராய்ந்தார். இத்தகைய நாட்டிலே பௌதிகம் பயிலும் நம் மாணவர் காந்தத்தைப் பற்றி அறிந்தது யாது?

ஆய்வுக்கூடத்தில் காந்தமானியின் ஊசி விலகலைப் பிழையற அளக்கின்றனர். காரணம் வினவினாலோ, இரும்பின் அணுக்கள் சிறு காந்தங்களென்றும், அவை தம்முள் ஈர்த்து வரிசையாய் நிற்பனவென்றும் விடை கூறுவர். இவ்விடை பொருந்தாது. அவ்வீர்ப்பு மிக அற்பமானது. தனிப்பூஜ்யத்திற்கு மேல் ஓரிரு டிகிரி ஏறினாலே அவ்வரிசை குலைந்துவிடும். இரும்போ 770 டிகிரி சென்டிகிரேடு வரையில் காந்த ஒழுங்கை முற்றும் இழவாதிருக்கின்றது.

மெய்க்காரணம் எலெக்ட்ரான்களின் மின்விலக்கமே. 1928-இல் ஹைஸன்பர்க் இதற்கு வழி காட்டினார். 1938-இல் ஸ்டோனர் உலோகங்களுக்கேற்ப விரித்துரைத்தார். ஒரே திசைச் சுழற்சியுடைய எலெக்ட்ரான்கள், பௌலியின் விதிப்படி, தம்முள் நெருங்கா. ஆதலின் அவற்றின் விலக்கச் சக்தி குறைகின்றது. இது வரவு. ஆனால், அவ்வாறு ஒருதிசைப்பட வேண்டின், சில எலெக்ட்ரான்கள் மேலான சக்தி நிலைகட்கு ஏறவேண்டும். இது செலவு. இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவற்றில் வரவு மிகுகின்றது; பல்லேடியத்தில் சிறிதே குறைகின்றது; செம்பில் மிகவும் குறைவு. குரோமியத்திலோ அண்டையணுக்கள் எதிரெதிர்த் திசை நோக்கி நிற்கின்றன. அவ்வொழுங்கு ஏறத்தாழ 38 டிகிரியில் அழிவது. கடலூரின் கத்திரி வெயிலிற் கிடக்கும் குரோமியத் துண்டு, நண்பகலில் ஒழுங்கிழந்து இரவில் மீளப் பெறும்.

இஃது இளங்கலை மாணவர்க்குப் பெருஞ்சுமை என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். வரவு செலவுக் கணக்கறிந்த எவர்க்கும் இதன் கருத்து விளங்கும். கணிதம் பின்னர் வரலாம். பிழையான காரணம் முதலில் வேரூன்றின், அதனைக் களைதல் அரிது. மேலும், இரும்பின் எலெக்ட்ரான்கள் அணுவிற் கட்டுண்டனபோலவும் உலோகமெங்கும் உலவுவனபோலவும் ஒருங்கே ஒழுகுவதனை முற்றும் கணித்துரைத்தல் இன்றும் எளிதன்று. ஆராய்ச்சிக்கு இடமுண்டு என்பதனை மாணவர் இளமையிலேயே அறிதல் வேண்டும்.

ஆதலின், காந்தமானிப் பயிற்சியோடு, காந்தத்தின் காரணத்தைத் தமிழில் விளக்க ஒரு மணி நேரமேனும் ஒதுக்குமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றோம். மாணவரும் அளவோடு அமையாது, காரணத்தையும் கேட்பாராக.