அதிசயத் தகடும் அமிலத் துளியும்

விஞ்ஞானம் என்றாலே புதிது புதிதாய்ச் சேர்ப்பது என்று எண்ணுகிறோம். இருப்பதை நீக்குவதாலும் புதுமை பிறக்கும் என்பதற்கு மாக்சீன் என்னும் பொருள் நல்ல சான்று.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் யூரி கோகோட்சி, மிஷேல் பார்சூம், ஆராய்ச்சி மாணவர் மைக்கேல் நாகிப் ஆகியோரின் குழு 2011-ஆம் ஆண்டு இதனை உலகுக்கு அறிவித்தது. டைட்டேனியம், அலுமினியம், கார்பன் மூன்றும் அடுக்கடுக்காய் அமைந்த பொருள் ஒன்றை அவர்கள் எடுத்துக்கொண்டனர். நோட்டுப் புத்தகத்தின் தாள்களைப் பசை ஒட்டி வைத்தாற்போல, அதன் அடுக்குகளை அலுமினியம் பிணைத்திருந்தது. அந்த அலுமினியத்தை அமிலத்தில் கரைத்து நீக்கினர். எஞ்சியவை டைட்டேனியம் கார்பைடின் மெல்லிய தகடுகள். தகடு ஒன்றின் பருமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அதாவது ஒரு மீட்டரை 100 கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு! 2016-இல் டைட்டேனியம் நைட்ரைடுத் தகடுகளும் கிடைத்தன.

இத்தகடு உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும். களிமண்போல் நீரோடும் இணங்கும். ஆகவே மின்னாற்றலைச் சேமிக்கும் கருவிகளுக்கும், நீரைத் தூய்மை செய்யும் வடிகட்டிகளுக்கும் இது உதவுமென ஆராய்ந்து வருகின்றனர். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 0.045 மில்லிமீட்டர் பருமனுள்ள ஏடு, தன்மீது விழுந்த மின்காந்த அலையின் ஆற்றலில் 100 கோடியில் ஒரு பங்கைக்கூடக் கடக்க விடவில்லை.

ஆயினும், வியந்து கைதட்டுவதோடு நாம் நின்றுவிடலாமா? அலுமினியத்தைக் கரைத்தது ஹைட்ரோபுளூரிக் அமிலம். நீர்த்த நிலையில் அது தோலில் பட்டால் உடனே வலி தெரியாது. மெல்ல உள்ளே ஊடுருவி, எலும்பையும் தாக்கும். இரத்தத்திலுள்ள கால்சியத்தைக் குறைத்து உயிருக்கே உலை வைக்கும்.

"தக்க கையுறையும் கவனமும் இருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். தேர்ந்தவர்கள் சில கிராம் செய்யும் ஆய்வுக்கூடத்தில் போதும். டன் கணக்கில் செய்யும் தொழிற்சாலையில், ஊதியத்திற்காக வாளி சுமக்கும் எளியவருக்கு அந்தப் பாதுகாப்பு எந்நாளும் கிட்டும் என்று யார் உறுதி கூறுவார்?

இக்கேள்வியை விஞ்ஞானிகளும் மறந்துவிடவில்லை. 2014-இல் லித்தியம் புளூரைடையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கொண்டு செய்யும் வழி வந்தது. அபாயம் குறைந்ததேயன்றி நீங்கவில்லை. ஏனெனில் அக்கலவையிலும் அந்த அமிலம் ஓரளவு உண்டாகிறது. 2023-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார், அவ்வமிலமே இன்றி, டைட்டேனியத்தின்மேல் வாயுக்களைச் செலுத்தித் தகடுகளை வளர்த்துக் காட்டினர்.

முதலில் கண்டவருக்குத் தரும் புகழை, தீங்கின்றிச் செய்யும் வழி கண்டவருக்கும் தரவேண்டும் என்பதே நம் கருத்து. ஒரு பொருள் என்ன செய்யும் என்று கேட்பது பாதி அறிவு. அதைச் செய்பவரை அது என்ன செய்யும் என்று கேட்பதே மறுபாதி. நாளை ஆய்வுக்கூடங்களுக்குள் அடியெடுத்து வைக்கவிருக்கும் மாணவியராகிய நாம், இவ்விரு கேள்விகளையும் உடன்கொண்டு செல்வோமாக!