சுவரில் எழுதாத சட்டங்கள்

பிள்ளை பெங்களூரில் வேலைக்குச் சேரப்போகிறான் என்றால் ஊரிலிருந்து வரும் போனில் ஒரே கேள்விதான். "நல்ல கம்பெனியாப்பா?" சம்பளம் இவ்வளவு, ஷிப்ட் இப்படி, கேன்டீன் உண்டு, சாம்பார் மட்டும் இனிக்கும் என்று நானும் ஏதோ சொல்லி வைப்பேன். அதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும் சமாச்சாரம். அந்தப் பிள்ளை அங்கே நிம்மதியாக இருப்பானா, இரண்டு வருஷத்தில் வாடிப்போவானா என்பதை முடிவு செய்வது வேறு ஒன்று. அதை எந்த எச்.ஆரும் சொல்ல மாட்டார். மறைக்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கே அது கண்ணில் படாது.

எட்கர் ஷைன் என்று ஒரு பேராசிரியர் (1928-2023), அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தவர். நிறுவனப் பண்பாடு பற்றி 1985-ல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் மேலாண்மைப் படிப்புகளில் பாடம். அவர் சொன்னது மூன்று அடுக்கு. முதலாவது கண்ணுக்குத் தெரிவது: கட்டிடம், உடை, யாருக்குத் தனி அறை. இரண்டாவது வாயால் சொல்வது: சுவரில் மாட்டியிருக்கும் கொள்கைகள். மூன்றாவது யாரும் சொல்லாதது, சொல்லத் தேவையில்லை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பது. ஆபீஸை உண்மையில் நடத்துவது இந்த மூன்றாவதுதான் என்பது அவர் கட்சி.

இதற்கு எம்.ஐ.டி. வரைக்கும் போக வேண்டாம், கல்யாணமாகி வந்த புது மருமகளைக் கேட்டாலே போதும். "இது உன் வீடும்மா" என்பார்கள். மாமனார் உட்காரும் நாற்காலி எது, யார் சாப்பிட்ட பிறகு யார் சாப்பிட வேண்டும், எதைப் பற்றிப் பேசினால் வீடே மௌனமாகும் என்று ஒருத்தரும் சொல்லித் தர மாட்டார்கள். ஒரு தடவை தப்பாக உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபீஸும் ஒரு புகுந்த வீடுதான்.

நான் குடியிருக்கும் ஒக்கலிபுரம், ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய பகுதி. நம்மவர்கள் பெங்களூருக்கு ஆணி பிடுங்க வந்தது ஐ.டி.யோடு ஆரம்பித்ததில்லை. பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் என்று இந்தச் சுற்றுவட்டாரத்து ஆலைகளுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே வந்தவர்கள் உண்டு. ராஜா மில் நின்ற இடத்தில்தான் பிறகு மல்லேஸ்வரம் மால் எழும்பியது. மில்லுக்குப் பின் வந்தது பொதுத்துறைக் காலம்: எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. சொல்லாத நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்கு இதில் எச்.எம்.டி. கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1953-ல் இயந்திரம் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கைக்கடிகாரத்தில் இறங்கியது. நம் அப்பாக்களின் கையில் இருந்த ஜனதாவும் பைலட்டும் இங்கே பிறந்தவை. மாப்பிள்ளைக்கு வாட்ச் என்றாலே எச்.எம்.டி.தான். செய்ததெல்லாம் விற்றது, போதாமல் ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள்.

இப்படி இருபது வருஷம் ஓடினால் ஒரு நிறுவனத்துக்குள் என்ன நம்பிக்கை ஊறும்? 'நல்ல கடிகாரம் செய்வது நம் வேலை, வாங்க வருவது அவர்கள் வேலை.' இதை யாரும் சுவரில் எழுதியிருக்க மாட்டார்கள். யார் பெரிய ஆள், எந்த இலாகாவுக்கு மரியாதை, எந்தக் கேள்வி அசட்டுக் கேள்வி என்பதையெல்லாம் அதுதான் தீர்மானித்திருக்கும். இது என் வாசிப்பு. ஆனால் பிறகு நடந்தது அதற்குப் பொருந்தி வருகிறது. குவார்ட்ஸ் வாட்ச் எச்.எம்.டி.க்குத் தெரியாத சங்கதி இல்லை, 1980-களின் தொடக்கத்திலேயே அவர்களும் செய்தார்கள். செய்தும், சாவி கொடுக்கும் கடிகாரத்தை விட்டு மனசு நகரவில்லை.

1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தார்கள். ஆலை ஓசூரில், பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் நம் பக்கத்துப் பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளை. எச்.எம்.டி. அனுபவத்தோடு வந்தவர்களும் உண்டு. ஆகவே கைத்திறன் வித்தியாசம் என்று சொல்ல முடியாது. வித்தியாசம், கடிகாரம் என்பது என்ன என்ற நினைப்பில். செர்க்ஸஸ் தேசாய் தலைமையில் அங்கே வாட்ச் என்பது மணி பார்க்கும் கருவி மட்டுமில்லை, போட்டுக்கொள்ளும் அழகு, கொடுக்கும் பரிசு. அதனால் டிசைனுக்கும் கடைக்கும் விளம்பர இசைக்கும் அவ்வளவு கவனம். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. மிச்சமிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வுத் தொகை.

"கவர்ன்மெண்டு கம்பெனி, அப்படித்தான்" என்று யாராவது கிளம்புவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் வாட்ச் கம்பெனிகள் அரசாங்கக் கம்பெனிகள் இல்லை. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் மாதிரியை அவர்கள் நாட்டு ஆய்வுக்கூடமே 1967-ல் செய்து காட்டியது. கடைக்குக் கொண்டுவந்தது 1969-ல் ஜப்பானின் சீகோ. அடுத்த இருபது வருஷத்தில் சுவிஸ் வாட்ச் தொழிலில் இருந்தவர்களின் எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒரு காலத்தில் ஜெயிக்க வைத்த நம்பிக்கைதான் பிறகு கண்ணை மறைக்கிறது. தோற்ற நம்பிக்கையை யாரும் பத்திரமாகப் பொத்தி வைப்பதில்லை.

நம் ஐ.டி. காலத்துக்கு வருவோம். 2014-ல் விஷால் சிக்கா இன்ஃபோசிஸுக்கு வந்தார், நிறுவனர் அல்லாத முதல் தலைமை அதிகாரி. 2015-ல் உடைக் கட்டுப்பாடு தளர்ந்தது, வாரம் முழுக்க சாதாரண உடையில் வரலாம் என்றார்கள். ஷைனின் முதல் அடுக்கு அது, ஒரு மெயிலில் மாறிவிட்டது. மேல்மட்டச் சம்பளம் எவ்வளவு இருக்கலாம், விலகிப் போகிறவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வி வந்தபோதுதான் மூன்றாவது அடுக்கில் கை பட்டது. எளிமை என்று நிறுவனர்கள் நம்பி வளர்த்த ஒன்று அங்கே இருந்தது. சண்டை பத்திரிகைக்கு வந்து, 2017 ஆகஸ்டில் சிக்கா ராஜினாமா செய்தார், நந்தன் நீலேகணி தலைவராகத் திரும்பினார். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. டையைக் கழற்றுவது சுலபம், அவ்வளவுதான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீஸில் 'தயங்காமல் பேசுங்கள்' என்று லிஃப்ட் பக்கத்தில் பெரிய போஸ்டர். மீட்டிங்கில் விருதுநகர்க்காரத் தம்பி ஒருத்தன், "இந்தத் தேதிக்குள் முடியாது சார்" என்றான், கணக்கோடு. டேமேஜர் சிரித்தபடி நன்றி சொன்னார். அடுத்த புராஜெக்டில் தம்பிக்கு ஒப்புக்கு ஒரு வேலை. வேலை அவன் சொன்ன மாதிரியே தள்ளிப்போனது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் பிறகு அந்த மீட்டிங்கில் யாரும் வாயைத் திறக்கவில்லை. போஸ்டர் அப்படியே இருந்தது.

இதில் நம் வீட்டுப் பங்கும் உண்டு. 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே', 'சோறு போட்ட இடத்துக்கு விசுவாசமா இரு', 'ஒரு இடத்துல சேர்ந்தா நிலைச்சு நில்லு'. சொல்லியும் சொல்லாமலும் பிள்ளைகளுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு இது. எதிர்த்துப் பேசினால்தான் மதிக்கும் ஆபீஸில் இந்தப் பிள்ளை ஊமை என்று பெயர் வாங்கும். பேசினால் ஒதுக்கும் ஆபீஸிலோ ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து, "வேலை அதிகம்மா" என்று வீட்டுக்குப் பொய் சொல்லும். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நம்பிக்கைகள் மோதுகின்றன, அதில் பிள்ளை அரைபடுகிறான் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

ஆகவே பிள்ளையிடம் சம்பளத்தை ஒரு தடவை விசாரியுங்கள், போதும். சேர்ந்து மூன்று மாதம் கழித்து வேறு கேள்விகள் கேளுங்கள். கடைசியாக 'முடியாது' என்று சொன்னவர் இப்போது எங்கே இருக்கிறார்? பிரமோஷன் கிடைத்தது யாருக்கு, வேலை தெரிந்தவருக்கா, கூடவே நின்றவருக்கா? பாஸ் கிளம்பும் முன் யாராவது கிளம்ப முடிகிறதா? நஷ்டம் வந்தபோது முதலில் கை வைத்தது எதில்? பதில் சொல்லும்போதே அவர்களுக்குப் புரிந்துவிடும், எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்று.

புதிதாகப் போன ஒருத்தர் அந்த வீட்டின் நம்பிக்கையை மாற்ற முடியாது, அந்த ஆசை வேண்டாம். எதற்கு வளைந்து கொடுக்கலாம், எதற்கு வளையக் கூடாது என்று பிரித்துக்கொள்ள முடியும். வளைய முடியாத இடமென்றால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். அப்போது "இவ்வளவு பெரிய கம்பெனியை விடுறியே" என்று புலம்பாத பெற்றோராக இருந்தால் போதும். பிள்ளைக்கு அதுவே பெரிய பலம்.