உதை தாங்குவது வீரமா?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் முன்னாள் ராணுவத்தினர் நிறைய. அவர்களில் சிலர் வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டீக்கடையில் அந்தத் துப்பாக்கி பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வசனம் தப்பாமல் வரும்: "நல்ல தோட்டான்னா நல்லா உதைக்கணும் சார். தாங்கறவன்தான் ஆம்பளை."

தொழிற்சாலையில் எடையும் விசையும் பார்த்தே காலம் தள்ளியவன் நான். இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உதை என்பது வெறும் கணக்கு. ரவை முன்னே பாய்கிறது, அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே வருகிறது. நியூட்டன் 1687-லேயே எழுதி வைத்துவிட்டார். 12 போர் தோட்டாவில் 24 கிராம் ரவை போட்டதும் உண்டு, 36 கிராம் போட்டதும் உண்டு. வேகம் ஒன்றாகவே இருந்தாலும், 36 கிராம் தோட்டாவின் உதை ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரவை ஒன்றரை மடங்குதானே என்பீர்கள். துப்பாக்கி பின்னே வரும் வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் ஏறுகிறது, அதுதான் காரணம். துப்பாக்கியின் எடையும் முக்கியம். மூன்றரை கிலோவுக்குப் பதில் 2.8 கிலோ துப்பாக்கியில் அதே தோட்டாவைப் போட்டால் ஆற்றல் கால் பங்கு கூடும். "லேசா இருக்கு, தூக்கச் சுலபம்" என்று வாங்கித் தருபவர்கள் இதைச் சொல்வதில்லை.

உடம்பு உணர்வது இன்னொரு விஷயம். கட்டை நீளமாக இருந்தால் தோள்குழியில் அமராமல் புஜத்தில் இடிக்கும். குட்டையாக இருந்தால் நம் கட்டைவிரலே மூக்கில் இடிக்கும். சரிவு அதிகமானால் கன்னத்தில் அறையும். கட்டையின் பின்னால் ஒரு ரப்பர் பட்டை வைத்தால் அதே உதை சற்று நேரம் பரவி, அடியாக விழாமல் தள்ளுவது போல இருக்கும்.

சினிமாவும் நம்மைக் கெடுத்தது. சுடப்பட்டவன் பத்தடி பறந்தால், சுட்டவனும் பின்னால் பறந்திருக்க வேண்டாமா?

ஒலிம்பிக் டிராப் போட்டியில் ரவைக்கு உச்சவரம்பே 24 கிராம்தான். நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸில் சுட்டதும் அந்த வரம்புக்குள்தான். தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். அந்தச் சின்னத் தோட்டாவில் பறக்கும் தட்டு தூளாகிறது. அவர்களை வீரரில்லை என்று யார் சொல்வது?

வீண் பேச்சு என்று இதை விட்டுவிட முடியாது. உதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடி, தோளை முன்னே தள்ளிவிடுவான். குறி தப்பும். வங்கி வாசலில் பென்ஷன் வாங்க நிற்கும் நம் மேல்தான் அந்த ரவை படும்.

அறுபது வயதுக் காவலாளிக்கு ரப்பர் இல்லாத பழைய துப்பாக்கியையும் கனத்த தோட்டாவையும் கொடுத்து, "மிலிட்டரி ஆளு, தாங்குவாரு" என்பது அக்கிரமம். அவர் கைக்கு ஏற்ற கட்டை, ஒரு ரப்பர் பட்டை, வருடத்துக்கு ஒருமுறையாவது லேசான தோட்டாவில் பயிற்சி. இந்தச் செலவைக் கூடச் செய்யாதவர்கள் அவர் வீரத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.