தன்னந்தனியாகவா?

ஷூ ஷியாகேயின் வீட்டுக்குப் போயிருந்தேன். சீனத்து ஜியாங்சு மாகாணத்தில், ஜியாங்யினை அடுத்த கிராமம். ஓட்டுக் கூரை, முற்றம், அவர் கையால் நட்டதென்று சொல்லப்படும் ஒரு மரம். வீட்டோடு எனக்குச் சண்டையில்லை. கூட வந்த அன்பர் ஓயாமல் சொன்ன ஒரு வார்த்தையோடுதான் சண்டை. "தன்னந்தனியாக நடந்தார் ஐயா, தன்னந்தனியாக!"

யார் சொன்னது? ஷூ சொல்லவில்லையே!

1636-இல் கடைசிப் பயணம் புறப்பட்டபோது ஜிங்வென் என்ற பிட்சுவும், கூ என்ற வேலையாளும் உடன் போனார்கள். பிட்சு வழியில் மாண்டார். அவர் எலும்பை யூன்னானிலுள்ள கோழிப்பாத மலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார் ஷூ. இதை எல்லோரும் உருகி உருகிச் சொல்வார்கள், சொல்லட்டும். கூவைப் பற்றிக் கேளுங்கள். "எஜமானின் பணத்தைத் திருடிக்கொண்டு ஓடியவன்" என்று ஒரே வரியில் கணக்குத் தீர்த்துவிடுவார்கள்.

ஓடினான், உண்மைதான். 1639-இல், அதே மலையில். மூன்று வருஷம் ஊரையும் உறவையும் விட்டு, இன்னொருவர் ஆசைக்காக மூட்டை தூக்கியவன். யாங்சி நதியின் மூலம் எது என்பது எஜமானின் கேள்வி. அதற்காகத் தேய்ந்தவை இவன் கால்களுந்தான். துரத்தப் புறப்பட்டவர்களை ஷூவே தடுத்தார். பிடித்தாலும் கட்டாயப்படுத்தி வைத்துக்கொள்ள முடியாதென்றார். மனம் நொந்து எழுதினார், ஆனால் மறைக்கவில்லை. அதற்குப் பின் நான்கைந்து நாட்களோடு, நமக்குக் கிடைத்திருக்கும் நாட்குறிப்பும் நின்றுவிடுகிறது.

வழியில் அதிகாரச் சீட்டைக் காட்டிக் கிராமத்தாரைச் சுமக்கவைத்ததும் அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. 1640-இல் கால் விழுந்து ஊர் திரும்பியபோது அவரைத் தூக்கிவந்தவர்கள் லிஜியாங் தலைவர் அனுப்பிய ஆட்கள். பக்தர்கள் மறைப்பதை எஜமானே எழுதிவைத்திருக்கிறார். அவர் பெரிய மனிதர் என்பதற்கு எனக்கு இதுவே சாட்சி.

இந்தக் குடும்பத்தின் கதையும் சும்மா இல்லை. 1645-இல் மஞ்சுப் படை ஜியாங்யினை அழித்த குழப்பத்தில், குடும்பத்து அடிமையாட்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மூத்த மகன் கொல்லப்பட்டான். கையெழுத்துப் பிரதிகளில் ஒரு பகுதி நாசமாயிற்று. கொலையை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஏதோ இடி விழுந்து எரிந்தது போல அன்பர் அதைச் சொல்லிக்கொண்டு போனாரே, அதை எப்படிப் பொறுப்பது?

1613-இல் நாட்குறிப்பு தொடங்கிய மே 19-ஐ, 2011 முதல் சீனச் சுற்றுலா நாளாகக் கொண்டாடுகிறார்கள். நல்லது. அந்த மரத்தடியில் ஒரு சிறு கல் வைத்து, அதில் கூவின் பெயரையும் செதுக்கட்டும். திருடன் என்று வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபமில்லை.