கேத்திலுக்குள் படிந்த கல்

சென்ற மாதம் நமது இல்லத்து மின்கேத்தில் திடீரெனச் செயலற்றுப் போயிற்று. வாங்கி இரண்டாண்டுகூட நிறையவில்லை. விற்றவரைக் கடிந்துகொண்டே அதனைத் திருத்துபவரிடம் கொண்டு சென்றோம். அவர் மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். அடித்தட்டு முழுவதும் வெண்ணிறக் கல்லாய் இறுகியிருந்தது. “கேத்திலில் பிழையில்லை ஐயா, உங்கள் கிணற்றுத் தண்ணீரின் வேலை இது” என்றார். ஆண்டுதோறும் மாணவருக்கு நீரின் வன்மையைப் போதிக்கும் நமக்கு, நமது அடுக்களையில் இருந்த பாடம் கண்ணிற் படவில்லை!

மானிப்பாயில் நாம் குழாயைத் திறந்து பெறும் நீர் பெரும்பாலும் நமது கிணற்று நீரே. மோட்டார் அதனைத் தாங்கிக்கு ஏற்றுகின்றது. தாங்கியிலிருந்து அது குழாய்க்கு வருகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பதோ சுண்ணக்கல். மழைநீர் மண்ணினூடு இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகின்றது. அவ்வமிலம் சுண்ணக்கல்லை அரித்துக் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைத்துவிடுகின்றது. புத்தூர் நிலாவரையின் ஆழத்தைத் தோண்டியதும் இந்த அரிப்பே.

இந்நீரைக் கொதிக்கவைத்தால் கதை திரும்புகின்றது. காபனீரொட்சைட்டு வெளியேற, கரைந்திருந்த சுண்ணம் மீண்டும் கல்லாகிப் படிகின்றது. கேத்திலில் நாம் காண்பது நம் ஊர்க் கல்லேயன்றி வேறில்லை. இப்படிவு வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலால் நீர் கொதிக்க நேரமும் மின்சாரமும் கூடுகின்றன. வெப்பமூட்டும் கம்பியோ அளவுக்கு மீறிச் சூடேறி எரிந்துபோகின்றது. குளியலறைப் பூவாளியின் துளைகள் அடைபடுவதும், சலவை இயந்திரம் காலத்துக்கு முன்னே களைத்துப்போவதும், சவர்க்காரம் நுரையாமல் வெண்கசடாய்த் திரள்வதும் இதனாலேயே.

இதற்கான பரிகாரம் கடினமன்று. கேத்திலில் எஞ்சிய நீரை இரவு முழுவதும் விட்டுவைக்காது ஊற்றிவிடுதல் நன்று. மாதம் ஒருமுறை வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ நீருடன் கலந்து ஊற்றி, இளஞ்சூடாக்கி, மின்தொடர்பைத் துண்டித்து அரைமணி நேரம் விட்டால், அமிலம் சுண்ணத்தைக் கரைத்துவிடும். பின்னர் நன்கு கழுவுதல் வேண்டும். பூவாளியையும் கழற்றி வினாகிரியில் ஊறவிடலாம். நீராவி அழுத்திக்கு வடித்த நீரே உகந்தது. சலவை இயந்திரத்தைக் குளிர்ந்த நீரிலேயே இயக்கினால் படிவு குறையும்.

இனி, நாம் சொல்லவந்த முக்கிய விடயம். கேத்திலின் வெண்கல்லைக் கண்டு அஞ்சுவோர் பலர். கொதித்தாறிய நீரில் அக்கல் படிந்துவிட்டதால் நீர் தூய்மையாகிவிட்டதென்று நிம்மதியடைவோரும் பலர். இரண்டும் முழு உண்மையல்ல. வன்மை பாத்திரத்தைக் கெடுக்கும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் நீரின் வன்மைக்கெனச் சுகாதார அடிப்படையிலான எல்லை எதனையும் வகுக்கவில்லை. இலங்கைத் தரநிர்ணயம் லீற்றருக்கு 250 மில்லிகிராம் என ஓர் எல்லை குறிக்கின்றது.

கவலைக்குரியது கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்று. தோட்டங்களுக்கு இடும் உரமும், கிணற்றுக்கு அருகில் அமைந்த மலசலகூடக் குழியும் அதன் ஊற்றுக்கண்கள். வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் அதனை விரைவில் நிலத்தடி நீரிற் சேர்த்துவிடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமே அதன் எல்லை. அதனை மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து மேனி நீலம்பாரிக்கக்கூடும். கொதிப்பு கிருமியைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவுஞ் செய்யும். கேத்திலில் படிவதோ கண்ணுக்குத் தெரியும் குற்றம். இதுவோ எத்தடயமும் விட்டுவைக்காது.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எனினும் கிணற்றை நம்பியிருக்கும் இல்லங்கள் இன்னும் பல. கேத்திலைத் துப்புரவு செய்ய மாதம் ஒரு தேசிக்காய் போதும். கைக்குழந்தை உள்ள வீட்டார், கிணற்று நீரின் நைத்திரேற்றையும் ஆய்வுகூடத்தில் ஒருமுறை அறிந்துகொள்வது கடமையாகும்.

மாணவர்களே, இன்று ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு போத்தல்களில், ஒன்றில் மழைநீரும் மற்றதில் கிணற்று நீரும் சம அளவில் எடுத்து, ஒரே அளவு சவர்க்காரக் கரைசல் விட்டுக் குலுக்குங்கள். மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த ஊர் மானிப்பாய். ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் தமிழில் வெளிவந்ததும் அவர் முயற்சியாலேயே. அவ்வூர்ப் பிள்ளைகள் இரசாயனத்தைப் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை. அது கிணற்றடியிலேயே காத்திருக்கின்றது.